மூன்று மான்செஸ்டர்களும் ஓர் அறியாத ஆல்பமும்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் சொல்லிக்கொள்வதைப் போலவே டென்மார்க்கிலும் ஓர் ஊருக்கு அந்தப் பட்டப்பெயர் உண்டு. ஜட்லாண்ட் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், நீண்டு உள்ளே நுழையும் ஒரு கடல்கழியின் முனையில் இருக்கிறது வைலே. தட்டையான நாடு என்று பேரெடுத்த டென்மார்க்கில், குன்றுகள் சூழ்ந்த அபூர்வமான ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 60,000. கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் நூற்பாலை தொடங்கினார். வைலேயில் பருத்தி ஆலைகள் எழுந்தது அதை அடுத்த சில ஆண்டுகளில். ஆலைச் சங்கு எழுப்பிவிட்ட ஊர், ஷிப்டு கணக்கில் நாளைப் பிரித்த ஊர் என்று சொன்னால் கோவைக்காரர்களுக்கு வைலேயைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

வைலேயில் நூல் நூற்பது நின்று வெகுகாலம் ஆகிறது. ஆலைக் கூடங்களில் ஒரு தொகுதி இன்று ‘ஸ்பின்டரிஹாலர்னே’ என்ற பெயரில் பண்பாட்டு மையமாக இருக்கிறது. பெயரின் பொருள் நூற்பாலைக் கூடங்கள் என்பதுதான். நகர அருங்காட்சியகமும், வடிவமைப்பாளர்களின் பட்டறைகளும், சிறு தொழில் தொடங்குவோரின் அறைகளும் அங்கே இருக்கின்றன. ஊரில் ‘பிக்னிங்கன்’ என்று ஓர் இசைக்கூடமும் உண்டு. அந்தச் சொல்லுக்கு ‘கட்டடம்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை.

இப்படி ஓர் ஊரில், கோபன்ஹேகன் போன்ற தலைநகரத்தின் பரபரப்பு இல்லாத நடுத்தர ஊரில், ஒருவர் முன்பின் கேட்டறியாத ஒரு இன்டி ராக் குழுவின் ஆல்பத்தைக் கையில் எடுக்கிறார். குழுவின் பெயர் தெரியாது. வானொலியில் கேட்டதில்லை. அட்டைப்படம் எதையும் சொல்லவில்லை. அவர் ஏன் அதை எடுக்க வேண்டும்? எடுக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வருகிறது?

இசை ரசனையைப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆளைத்தான் பார்க்கிறோம். இவர் திறந்த மனம் உடையவர், அவர் பழைய பாட்டிலேயே ஊறிக் கிடப்பவர் என்று குணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். டென்மார்க்கின் சிற்றூர்களைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. புதிய இசையைக் கேட்கும் துணிவில் பெரும்பகுதி கேட்பவரின் நெஞ்சில் இல்லை. பிடிக்காமல் போனால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று ஊர் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

பொருளியலில் இதற்கு ஒரு பழைய வகைப்பாடு உண்டு. வாங்கும் முன்பே தரத்தைச் சோதித்துவிடக்கூடிய பொருள்கள் ஒரு வகை. பயன்படுத்திப் பார்த்தால் மட்டுமே தரம் தெரியும் பொருள்கள் மற்றொரு வகை. ஃபிலிப் நெல்சன் 1970இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டை வகுத்தார். வேட்டியை விரித்துப் பார்த்து, நூலைத் தடவிப் பார்த்து வாங்கலாம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். ஆல்பத்தை முழுதாகக் கேட்டால்தான் ஆல்பம் தெரியும். கேட்ட பிறகு பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. டென்மார்க்கில் அந்தப் பணத்தின் மேல் 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேரும். தெரியாத குழுவுக்கு அந்த விலை ஒரு வேலி.

வேலியைத் தாண்டும் வழியை முதலில் காட்டியது மூத்த மான்செஸ்டர்தான். 1976 ஜூன் 4 அன்று அந்நகரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் குழு வாசித்தது. ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு இளைஞர்கள். வந்தவர்கள் சில டஜன் பேர்தான். இருவரும் தொடங்கியிருந்த பஸ்காக்ஸ் குழு, அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டில் ஆயிரம் தட்டுகள் அச்சிட்டார்கள். 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ வெளிவந்தது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே எத்தனை முறை ஒலி சேர்க்கப்பட்டது என்பதை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். செய்முறையை மறைக்காமல் வாங்குபவர் முன் வைத்த அந்தச் செயலில் பெரிய மரியாதை இருக்கிறது. ஆயிரமாகத் தொடங்கிய விற்பனை 16,000 வரை போனது. பெரிய நிறுவனத்தின் தயவில்லாமல் வெளிவரும் இசைக்குச் ‘சுதந்திர’ இசை என்ற பொருளில் இன்டி என்ற பெயர் நிலைபெற, பிரிட்டனில் 1980 ஜனவரியில் இத்தகைய தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே தொடங்கியது.

அதே நகரில் டோனி வில்சன் முதலானோர் தொடங்கிய ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆலை நகரத்தில் இசை நிறுவனத்துக்கு ஆலை என்றே பெயர்! 1979 ஜூனில் அவர்கள் வெளியிட்ட ஜாய் டிவிஷனின் ‘அன்னோன் பிளஷர்ஸ்’ ஆல்பத்தின் முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், மலைத்தொடர் போல. தொலைதூரத்துத் துடிப்பு விண்மீன் ஒன்றின் ரேடியோ அலைகளை வரைந்த படம் அது. வடிவமைத்தவர் பீட்டர் சாவில். முதலில் அச்சிட்டது 10,000 பிரதிகள். பெயரைக்கூடச் சொல்லாத ஓர் அட்டையைக் கடையில் பார்த்துக் கையில் எடுத்தவர்கள் எத்தனை பெரிய நம்பிக்கையை அந்தக் குழுவுக்குக் கொடுத்தார்கள் என்பதை, அந்தக் கோடுகள் உலகமெங்கும் பனியன்களில் அச்சாகும் இக்காலத்தில் உணர்வது கடினம்.

மான்செஸ்டரில் நஷ்டத்தை ஏற்றவர்கள் தனிமனிதர்கள். கடன் கொடுத்த உறவினர், சேமிப்பைப் போட்ட வில்சன், கடையில் இடம் கொடுத்த வியாபாரி. டென்மார்க் வேறு வழியில் போனது. அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். சென்னை மாநகரத்துக்கும் குறைவு. டேனிஷ் மொழியில் பாடும் ஒரு சிறு குழு சந்தையை மட்டும் நம்பினால் இரண்டாவது ஆல்பத்தைப் பார்க்காது. 1976இல், மான்செஸ்டரில் அந்தச் சில டஜன் பேர் கூடிய அதே ஆண்டில், டென்மார்க் நாடாளுமன்றம் இசைக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. இசைக்குத் தனிச் சட்டம் கண்ட நாடுகளில் அது முன்னோடி. தொடக்கத்தில் சிம்பொனி இசைக்குழுக்களும் ஓபராவுமே அதிகம் பயன்பெற்றன. பிறகு ராக், ஜாஸ், நாட்டார் இசை ஆகியவையும் அதன் குடைக்குள் வந்தன. நகராட்சிகள் இசைப்பள்ளி நடத்துவதும் அந்தச் சட்டத்தின் திருத்தங்கள் வழியே கடமையானது.

ராக் இசைக்கு அதில் பிறந்த மிகப் பயனுள்ள ஏற்பாடு ‘வட்டார இசைக்கூடங்கள்’. நாடு முழுதும் சில அரங்குகளைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு, அரசு பணம் தருகிறது. நகராட்சியும் தன் பங்கைத் தர வேண்டும் என்பது நிபந்தனை. வைலேக்குத் தெற்கே கோல்டிங் நகரின் ‘கோட்செட்’, வடமேற்கே ஹெர்னிங்கின் ‘ஃபெர்மாட்டன்’, வடக்கே ஆர்ஹூஸின் ‘வாக்ஸ்ஹால்’ எல்லாம் இந்த வகையில் வளர்ந்தவை. வைலேயிலிருந்து புறப்பட்டால் ரயிலிலோ காரிலோ போய்விட்டு இரவே வீடு திரும்பும் தூரம்தான்.

பெயர் தெரியாத குழுவை மேடை ஏற்றும் மேலாளருக்கு, அன்றைய டிக்கெட் விற்பனை மட்டுமே கணக்கு என்றால் அவர் ஒருபோதும் அதைச் செய்ய மாட்டார். வெள்ளிக்கிழமை நிரம்பும் புகழ்பெற்ற பாடகரின் வருமானமும் மானியமும் சேர்ந்து வியாழக்கிழமை நாற்பது பேர் வரும் குழுவைத் தாங்குகின்றன. கூடத்தில் பீப்பாயிலிருந்து பீர் ஊற்றுபவர், கோட்டு வாங்கி மாட்டுபவர், ஒலிப்பெட்டி தூக்குபவர் என்று பலரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இந்தத் தன்னார்வத்தின் உச்சம் 1971இல் தொடங்கிய ரோஸ்கில்டே விழா. லாப நோக்கமற்ற அந்த விழாவில் ஏறத்தாழ 30,000 பேர் சம்பளமின்றி உழைக்கிறார்கள். விழாவின் முதல் நாள்களை வட ஐரோப்பிய நாடுகளின் புதிய குழுக்களுக்கு ஒதுக்குவது அங்கே நெடுநாள் வழக்கம்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. மார்கழியில் சென்னை சபாக்கள் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். மாலையில் பெரிய வித்வானுக்கு டிக்கெட். நண்பகலில் இருபது வயதுப் பிள்ளைக்கு இலவச அனுமதி. கேன்டீனில் சாப்பிட வந்தவர் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒரு குரலில் மனம் சிக்கி, ராகம் முடியும்வரை எழுந்திருக்காமல் இருந்த கதைகள் எத்தனை! அவருக்கு அதில் இழக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் குரல் அவரை அடைந்தது.

டென்மார்க்கின் அடுத்த ஏற்பாடு இன்னும் எளிமையானது, இன்னும் ஆழமானது: நூலகம். அந்நாட்டின் முதல் நூலகச் சட்டம் 1920இல் வந்தது. 2000ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் பொது நூலகங்கள் வைத்திருக்க வேண்டியவற்றில் புத்தகம், இதழ் ஆகியவற்றோடு பதிவு செய்த இசையையும் சேர்த்தது. கடன் இலவசம் என்பதும் சட்டம். அதே ஆண்டில் தொடங்கிய தேசிய இணையப் பட்டியல் வழியாக, நாட்டின் எந்த நூலகத்தில் இருக்கும் பொருளையும் கேட்டு, சொந்த ஊர் நூலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். ஆக, வைலேயில் ஒரு பள்ளி மாணவி பனிக்காலச் சாயங்காலத்தில் நான்கு அறியாத ஆல்பங்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மூன்று பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான்காவது அவளை மாற்றிவிடலாம்.

இலவசமாகக் கொடுத்தால் கலைஞர் என்ன ஆவார் என்ற கேள்வி உடனே எழும். டென்மார்க் அதற்கும் முன்பே விடை தேடியிருக்கிறது. நூலகத்தில் தங்கள் நூல்கள் இருப்பதற்காக எழுத்தாளர்களுக்கு அரசு ஈட்டுத்தொகை தரும் முறையை உலகிலேயே முதலில், 1946இல், தொடங்கிய நாடு அது. பிற்காலத்தில் அந்த முறை இசைக்கலைஞர்களுக்கும் விரிந்தது. 1926இல் தோன்றிய கோடா என்ற இசை உரிமைச் சங்கமும் தன் வசூலில் ஒரு பகுதியைப் புதிய இசைக்கும் பண்பாட்டுப் பணிக்கும் ஒதுக்குகிறது. கேட்பவருக்கு இலவசம், ஆக்கியவருக்கு இலவசம் அல்ல. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துச் சட்டம் இயற்றியவர்களை மதிக்காமல் இருக்க முடியாது.

வழிகாட்டலும் இலவசமாக வந்தது. 1983இல் ஆர்ஹூஸில் தொடங்கிய ‘காஃபா’ இசை இதழ் கடைகளிலும் நூலகங்களிலும் காசின்றிக் கிடைத்தது. ஆறு நட்சத்திரக் கணக்கில் அது ஆல்பங்களை மதிப்பிட்டது. தலைநகரத்து ரசனைக்குக் காத்திராமல் ஜட்லாண்டிலேயே ஓர் இசைப் பேச்சு வளர்வதற்கு அந்த இதழ் பெரிய காரணம்.

ஆர்ஹூஸுக்கு இந்தக் கதையில் இன்னொரு இடமும் உண்டு. 1994 முதல் அங்கே நடக்கும் ‘ஸ்பாட்’ விழா, இன்னும் பெயர் பெறாத வட ஐரோப்பியக் குழுக்களுக்காகவே நடப்பது. 2002இல் அங்கே ரேவனெட்ஸ் என்ற குழுவை ரோலிங் ஸ்டோன் இதழின் டேவிட் ஃப்ரிக் கேட்டார். குழு கைவசம் வைத்திருந்த ‘விப் இட் ஆன்’ தொகுப்பு ஒரு பிடிவாதப் பரிசோதனை. எல்லாப் பாடல்களும் ஒரே சுருதியில், பி ஃபிளாட் மைனரில் அமைந்தவை; மூன்று கார்டுகளுக்கு மேல் இல்லை; ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள். நம் காதுக்கு இது விந்தையே அல்ல. ஒரே சுருதியில் மூன்று மணி நேரம் கேட்டுப் பழகியவர்கள் நாம். அமெரிக்க விமர்சகர் அதைப் புகழ்ந்து எழுதியதும் பெரிய நிறுவனங்கள் தேடி வந்தன. கேட்டவர் ஒருவர்தான், அந்த ஒருவர் அங்கே இருக்கும்படியாக ஊர் எட்டு ஆண்டுகளாக மேடை போட்டுவந்தது.

இதைவிட நெகிழ்ச்சியான உதாரணம் எஃப்டர்கிளாங். வைலேக்குத் தெற்கே, ஜெர்மன் எல்லைக்கு அருகிலுள்ள அல்ஸ் தீவில் ஒன்றாக வளர்ந்த நண்பர்களின் குழு. பெயரின் பொருள், ஒலி ஓய்ந்த பிறகும் நிற்கும் அதிர்வு. நாதஸ்வரம் நின்ற பின் கோயில் மண்டபத்தில் தங்கும் கார்வை போல என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 2003இல் ‘ஸ்பிரிங்கர்’ என்ற முதல் குறுந்தொகுப்பைத் தாங்களே தொடங்கிய ரும்ராகெட் நிறுவனத்தில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ‘டிரிப்பர்’ ஆல்பத்தை இங்கிலாந்தின் லீஃப் நிறுவனம் வெளியிட்டது.

2010 ஆகஸ்டில் பிரெஞ்சுத் திரைக்கலைஞர் வின்சென்ட் மூனுடன் அல்ஸ் தீவுக்கே திரும்பி, உள்ளூர் இசைஞர்கள், பள்ளிக் குழந்தைகள், அவர்களின் பெற்றோர் என்று 200 பேரளவில் சேர்த்துக்கொண்டு ‘அன் ஐலண்ட்’ என்ற படத்தை எடுத்தார்கள். அதைத் திரையரங்குகளுக்குக் கொடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் தன் வீட்டில், கடையில், நூலகத்தில் திரையிடலாம் என்று அறிவித்தார்கள். நிபந்தனைகள் எளியவை: குறைந்தது ஐந்து பேருக்கு இடம் வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது, அறிமுகமில்லாதவர்களும் வரலாம். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரையிடல்கள் நடந்தன.

கூடத்தில் பாய் விரித்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, தெரியாத ஓர் இசையை எல்லோருமாகக் கேட்பது. சந்தைப்படுத்தும் உத்தி என்று இதைச் சுருக்கிவிடுவது நியாயமாகாது. தனியாகக் கேட்டுப் பிடிக்காமல் போனால் அது ஒரு வீணான மாலை. ஐந்து பேராகக் கேட்டுப் பிடிக்காமல் போனால்கூட ஒரு நல்ல பேச்சு மிஞ்சும்.

அறியாத இசையை முதன்முதலாகக் கேட்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதை மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர் குழுவினர் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2013இல் சயன்ஸ் இதழில் வந்தன. 19 பேருக்கு, அதுவரை கேட்டிராத 60 இசைத்துணுக்குகளை ஸ்கேன் கருவிக்குள் வைத்துக் கேட்கச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் வாங்கத் தங்கள் சொந்தப் பணத்தில் எவ்வளவு தருவார்கள் என்று ஏலம் கேட்க வேண்டும். உச்சம் இரண்டு டாலர். பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் மூளைப்பகுதி ஒன்றின் செயல்பாடு எவ்வளவு மிகுந்ததோ அவ்வளவு பணம் தர முன்வந்தார்கள். அந்தப் பகுதி தனியாக இயங்கவில்லை. கேட்ட ஒலிகளின் நினைவைச் சேமிக்கும் செவிப்புலப் பகுதியோடு சேர்ந்தே இயங்கியது. அதாவது, முற்றிலும் புதிய பாட்டைக்கூட நாம் பழைய பாடல்களின் துணையோடுதான் கேட்கிறோம். அடுத்து இந்தச் சுரம் வரும் என்று காது ஊகிக்கிறது. ஊகம் பலிப்பதிலும், சற்றே பிசகி அழகாகத் திரும்புவதிலும் இன்பம் இருக்கிறது. முழுதும் பிசகினால் எரிச்சல்.

அதனால்தான் முதல் தடவை கேட்பது நியாயமான சோதனை ஆகாது. ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் சயான்ஸ் 1968இல் காட்டினார். காசு கொடுத்து வாங்கிய கேசட்டை, முதலில் பிடிக்காவிட்டாலும், கொடுத்த காசுக்காகவே நான்கு முறை ஓடவிட்டு, ஐந்தாம் முறை அதன் அடிமையாகிப்போன தலைமுறைக்கு இந்த ஆய்வு புதிதாக எதையும் சொல்லிவிடாது.

மற்றவர் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 14,341 பேரை வைத்து இணையத்தில் ஓர் இசைச்சந்தையை உருவாக்கினார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்களின் பெயரும் குழுக்களின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தங்கள் உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். 2006இல் வெளியான முடிவு நினைவில் வைக்க வேண்டியது. எட்டு உலகங்களிலும் பாடல்கள் அதேதான்; வெற்றி பெற்றவை வேறு வேறு. மிக நல்ல பாடல் அடியோடு தோற்பது அரிது, மிக மோசமானது வெல்வதும் அரிது. இடைப்பட்ட எதற்கும் எதுவும் நேரலாம். முதலில் வந்த சிலரின் கை எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் கூட்டம் போனது.

நாம் அறியாத ஆல்பம் ஒன்று அறியப்படாமல் இருப்பதற்குக் காரணம் அதன் தரக்குறைவாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்று வைலேயிலும் பலர் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். கோடிக்கணக்கான பாடல்கள் மாதச் சந்தாவில் கிடைக்கும்போது வேலி இடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். விலை இடிந்தது உண்மை. ஆனால் பொறுமைக்கு இருந்த காரணமும் அதோடு போயிற்று. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 வினாடி ஓடினால் ஒரு கேட்பாகக் கணக்கு. அதற்குள் பிடிக்காவிட்டால் கட்டைவிரல் நகர்ந்துவிடும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் முறைகூட ஓடாத பாடலுக்கு அங்கே பங்குத்தொகை கிடையாது. புதிய குழுவின் தலையில்தான் இந்த விதி இறங்குகிறது. நஷ்டத்தைப் பகிர்ந்துகொண்ட நூலகமும் கூடமும் ஒரு பக்கம்; அந்த நஷ்டம் முழுவதையும் தெரியாத குழுவின் மேல் இறக்கிவைக்கும் கணக்கு இன்னொரு பக்கம். குறுவட்டுகளும் பல டேனிஷ் நூலகங்களின் அலமாரியை விட்டு இறங்கிவிட்டன.

இருந்தும் அங்கே மக்கள் விட்டுக்கொடுத்துவிடவில்லை. டேனிஷ் பொது வானொலி 2011இல் தொடங்கிய ‘பி6 பீட்’ அலைவரிசை மாற்று ராக் இசைக்கென்றே இயங்குவது. நிதிக்குறைப்பு காரணமாக அதையும் ஜாஸ் அலைவரிசையையும் மூடப்போவதாக 2018இல் அறிவிப்பு வந்தது. நேயர்களும் இசைக்கலைஞர்களும் எதிர்த்தார்கள். 2019இல் ஆட்சி மாறிய பின் இரண்டும் காப்பாற்றப்பட்டன. தான் இன்னும் கேட்டிராத பாடல்களைக் கேட்கும் உரிமைக்காக ஒரு நாட்டில் குரல் எழுந்தது என்பது சிறிய செய்தி அல்ல.

அறியாத இசையைக் கேட்கும் துணிவு தமிழருக்கும் புதிதல்ல. வைலே, ஹெர்னிங், கிரின்ட்ஸ்டெட் முதலான ஜட்லாண்ட் ஊர்களில் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களின் பெற்றோர் தலைமுறை இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்கள் 1960களின் இறுதியில் தோன்றியபோது, பைலா தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கைக் கேட்பது யாருக்கும் பழக்கமில்லாத ஒன்று. சினிமாவுக்கு வெளியே ஒரு தமிழ்ப் பொப்பிசை நிற்க முடியும் என்பதை ஈழம் முன்பே கண்டுவிட்டது.

தமிழ்நாட்டில் அந்தத் துணிவு வேறு இடங்களில் ஒளிந்திருந்தது. 1980களின் ரெக்கார்டிங் சென்டர்களை நினைத்துப் பார்க்கலாம். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசியில் நான்கு நிமிடம் மிஞ்சும். கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒரு பாட்டை அதில் போட்டுவிடுவார். கேட்காமல் வந்த அந்தப் பாட்டு, பட்டியலில் இருந்த பன்னிரண்டையும் வென்றுவிடுவது உண்டு. 1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். படம் இல்லை, பாட்டு வரிகள் இல்லை. தியாகராஜரையும் பாக்கையும் வணங்கும் வாத்திய இசை. அதை வாங்கியவர்கள் ராஜாவின் பெயரை நம்பி, அறியாத இசைக்குள் கால் வைத்தார்கள். இசை அறியாதது, பெயர் அறிந்தது. பெயரும் அறியாததாக இருந்திருந்தால்?

அந்தக் கேள்வியோடுதான் கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த ‘குரங்கன்’ போன்ற தமிழ் இன்டி குழுக்கள் உழைத்தன. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறை மேடையேறியபோது, கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அந்த இசையை யாரும் முன்பு கேட்டதில்லை. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அமைப்பாக நின்று மேடை போட்டதால், கேட்க வந்தவர்களுக்குத் துணிவு எளிதாயிற்று. அமைப்பு பின்னால் நிற்காத குழுக்கள்தான் பெரும்பான்மை.

டென்மார்க்கைப் பார்த்து ஏங்க வேண்டிய நிலையில் தமிழ்நாடு இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல், எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி இன்றும் வசூலாகிறது. கோவையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் புத்தகம் உண்டு, நாளிதழ் உண்டு. பதிவு செய்த இசைக்கு இடம் தேடப்படவே இல்லை. ஒரு சுயாதீனக் குழுவின் தொகுப்பை ஊர் நூலகம் விலை கொடுத்து வாங்கும் என்று ஒரு விதி இருந்தால், முதல் ஆல்பம் போடும் இளைஞருக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை, பதிவுக்கூட வாடகைக்குக் கடன் வாங்கியவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது மான்செஸ்டரில் ஆலைகளும் இருக்கின்றன. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, பிறகு முன்போல் ஓடவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் கோரிக்கைதான் முதலில் தீர வேண்டும்; தொழிலாளியின் நிலுவை தீராத கூடத்தில் கிட்டார் வாசிப்பதில் மகிழ்ச்சி இல்லை. அது தீர்ந்த பிறகு அந்தச் செங்கல் சுவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது, வைலேக்காரர்கள் தங்கள் கூடங்களை இடிக்காமல் வைத்துக்கொண்டதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். காந்திபுரத்தில் 2024 நவம்பரில் பெரியார் பெயரிலான நூலகத்துக்கும் அறிவியல் மையத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. அதில் ஓர் அறை, நல்ல ஒலிப்பெட்டி இரண்டு, வசதியான நாற்காலிகள் பத்து, அலமாரியில் தமிழிலும் பிற மொழிகளிலும் யாரும் கேட்டிராத நூறு ஆல்பங்கள். டவுன் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்று உள்ளே வந்து உட்காரும் ஒருவருக்கு அது போதும்.